காந்தம் பிடித்த அரிவாள்மனை

போன மாதம் ஓய்வு பெற்றவர்கள் கூட்டத்தில், எனக்குப் பிறகு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து எனக்குப் பிறகே வெளியே வந்த ஒருவர், கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். மகன் வாங்கி அனுப்பிய சமையல் கத்தியாம். படத்துக்குக் கீழே அந்த ஸ்டீலின் பெயரும் நம்பரும் போட்டிருந்தது. "அண்ணே, இது நல்ல ஸ்டீல்தானே?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலிக்காரர் தன் வீட்டுக் கத்தியின் நம்பரைச் சொன்னார். மூன்றாமவர் ஜப்பான் என்றார். காபி வருவதற்குள் அங்கே ஒரு கத்திச் சண்டையே நடந்து முடிந்தது. கத்தி ஒன்றுதான் இல்லை.

"உலைப் பிரிவில் இருந்தது நீங்கதானே, நீங்களே எழுதுங்க" என்று கடைசியில் என் தலையில் கட்டிவிட்டார்கள். சரி, எழுதுகிறேன். ஆனால் எந்த நம்பர் உசத்தி என்று என்னிடமிருந்து வராது. அறுபதுகளில் நெய்வேலியில், ஒரு கேன்டீன் காய்கறிக்காக மூன்று வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை ஒப்பிட்டுப் பார்த்தோம். ஐந்து பெண்களின் வேலை அந்த ஒப்பீட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கதையைத்தான் சொல்ல முடியும்.

நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரன். தொழிற்பயிற்சி முடித்த கையோடு, ஒரு தகரப் பெட்டியும் ஒரு தலையணையுமாக நெய்வேலி நிலக்கரி நிறுவனத்துக்கு வந்து இறங்கினேன். டவுன்ஷிப்பில் அப்போது மரங்களெல்லாம் இடுப்பு உயரம். ஒரே மாதிரி பிளாக், ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு அசடு வழிவது தினமும் நடக்கும். என்னை உலைப் பிரிவில் போட்டார்கள். இரும்பைக் காய்ச்சி, எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கி, அதற்கு வேண்டிய விறைப்பைக் கொண்டுவருவது எங்கள் வேலை. நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லப் பழகினேன், புருவ முடி கருகப் பழகினேன், பிறகு பெரிய ஆள் என்ற நினைப்பு வந்தது. பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

பிரிவின் தலைவர் வேதாசலம் சார். படித்த இன்ஜினியர், ஒல்லியான மனிதர். காலையில் வந்ததும் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுவார். சொந்தத் துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். அதன் பிறகுதான் உலோகத்தைத் தொடுவார். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு சுத்தமாகப் போகமாட்டார்கள். சத்தம் போட்டுத் திட்ட அவருக்குத் தெரியாது. என்னை "நீ" என்றால் மனிதர் சந்தோஷமாக இருக்கிறார். "நீங்க" என்றால் உலையில் எதையோ கெடுத்துவிட்டேன். "நீங்கள்" என்று மேடைத் தமிழுக்குப் போய்விட்டால் அன்றைக்கு லீவ் எழுதிக்கொடுத்துவிட்டுப் போவது உடம்புக்கு நல்லது.

இந்த "நல்லது" என்ற வார்த்தைதான் அவருக்கு ஆகாது. யாராவது "இது நல்ல ஸ்டீல் சார்" என்றால், "நல்லதுன்னா எதுக்கு?" என்பார். ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் நான் சும்மா இருக்காமல், "நேத்து நல்ல மழை சார்" என்றேன். "நல்லதுன்னா எதுக்கு? சுரங்கத்துல தண்ணி நிக்குது, ராத்திரிபூரா பம்ப் ஓட்டியிருக்காங்க" என்றார். அதற்கப்புறம் அவரிடம் வானிலை பேசுவதை விட்டுவிட்டேன்.

கேன்டீன் விவகாரம் வாழைக்காயில் ஆரம்பித்தது.

எங்கள் ஒர்க்‌ஷாப்பை ஒட்டியிருந்த கேன்டீனைத் தனியாக ஒரு கமிட்டி நடத்திவந்தது. அங்கே காய் நறுக்க ஐந்து பெண்கள், எல்லோரும் பக்கத்து வடக்குத்து கிராமத்திலிருந்து நடந்து வருகிறவர்கள். ஆளுக்கொரு பெரிய இரும்பு அரிவாள்மனை. பலகையில் ஒரு காலை மடக்கி வைத்து உட்கார்ந்தால், பூசணிக்காய் மலையும் அவர்கள் முன்னால் கரைந்துவிடும். ஆனால் இரும்பு, வாழைக்காயில் பட்டால் கறுக்கும், வாழைப்பூவில் பட்டால் இன்னும் கறுக்கும். ஈரத்தோடு விட்டால் மறுநாள் துரு. தொழிலாளர் பிரதிநிதி துரைக்கண்ணு ஒரு நாள் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேன்டீன் நடுவில் நின்றுவிட்டார். கடலூர்ப் பக்கத்து ஆள், குரல் மட்டும் மைக் வைத்தது.

"தோண்டுறதும் கரி, துன்றதும் கரியா? இன்னாய்யா அநியாயமா இருக்குது!"

கமிட்டி கூடி, அரிவாள்மனைகளைத் துருப்பிடிக்காததாக மாற்றச் சொல்லிவிட்டது. அந்தப் பொறுப்பு கேன்டீன் மேனேஜர் சபாபதி சாரிடம் வந்தது. ஈரோட்டுக்காரர், நல்ல மனிதர், பளபளப்பு என்றால் உயிர். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட். பேன்ட் அந்தக் காலத்து நாகரிகப்படி காலோடு ஒட்டித் தைத்தது. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும்.

அந்தக் காந்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். டவுன்ஷிப்புக்குள் எவர்சில்வர் பாத்திரம் அப்போதுதான் ஒவ்வொரு வீடாக நுழைந்துகொண்டிருந்தது. பாத்திரக்காரர் பிளாக்குக்குள் சைக்கிளை நிறுத்தினால், வீட்டுக்காரம்மாக்கள் முதலில் தேடுவது காந்தத்தைத்தான். சொம்பில் ஒட்டினால் போலி, ஒட்டாவிட்டால் அசல். பழுதான டைனமோக்களுக்குள் இருந்த காந்தங்களெல்லாம் சமையலறைக்குக் குடிபோனது இப்படித்தான். நானே இரண்டு தட்டு வாங்கியபோது ஒர்க்‌ஷாப் காந்தத்தைக் கொண்டுபோய் ஒட்டிப் பார்த்தவன். சபாபதி சாரின் காந்தம் அவர் மனைவி கொடுத்தனுப்பியது.

அவர் கடலூரில் ஒரு பாத்திரப் பட்டறையைப் பிடித்து, பாத்திரம் செய்கிற அதே எவர்சில்வரில் கனமான தகடாக வாங்கி ஐந்து அரிவாள்மனை செய்து கொண்டுவந்தார். சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, கமிட்டிக்காரர்கள் முன்னால் காந்தத்தை ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினார். எதிலும் ஒட்டவில்லை. கைதட்டினார்கள். பழைய இரும்பு அரிவாள்மனைகள் அன்றே பழைய இரும்போடு போய்விட்டன.

முதல் நாள் நன்றாகத்தான் வெட்டியது. இரண்டாம் நாள் பூசணிக்காய் வந்தது. பாதிக் காய் முடிவதற்குள் விளிம்பு மடங்கிவிட்டது. பெண்கள் எழுந்துபோய்த் தண்ணீர்த் தொட்டியின் கருங்கல் விளிம்பில் தீட்டிக்கொண்டு வந்தார்கள். கொஞ்ச நேரம் வெட்டும், மறுபடி மழுங்கும், மறுபடி தொட்டி. சாப்பாடு தாமதமானது. சாம்பாரில் காய் வேகாமல் மிதந்தது. துரைக்கண்ணு மறுபடியும் தட்டைத் தூக்கினார்.

சபாபதி சார் என்ன ஆகிறது என்று பார்க்கச் சமையல்கட்டுப் பின்பக்கம் போனார். அவர் சந்தனம் தடவிய எவர்சில்வரை ஐந்து பெண்களும் வரிசையாகக் கருங்கல்லில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மனிதருக்கு நெஞ்சே நின்றுவிட்டது. புதுக் கத்தி பிடிக்காமல் வேண்டுமென்றே கெடுக்கிறார்கள் என்று முடிவு கட்டி, அப்படியே மேலே எழுதிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து எழுதியதுதான் வினை. அந்தப் பெண்கள் வருஷக்கணக்காகக் கான்ட்ராக்டில் இருந்தவர்கள். அந்த மாதம்தான் ஐந்து பேரையும் பர்மனென்ட் ஆக்குவதாகக் கமிட்டி ஒப்புக்கொண்டிருந்தது. சபாபதி சாரின் கடுதாசிக்குப் பிறகு அது நின்றுபோனது. பொருளை வேண்டுமென்றே சேதம் செய்தது உண்மையானால் பர்மனென்டும் இல்லை, கான்ட்ராக்டும் இல்லை, வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார் பர்சனல் ஆபீசர். ஆனால் அவரும் ஒரேயடியாக நம்பிவிடவில்லை. கத்தி போலியாக இருந்தால் பழி பட்டறைக்காரன் மேல் போகும் என்று, ஒரு கத்தியைக் கழற்றி எங்கள் பிரிவுக்கு அனுப்பினார். இது அசல் ஸ்டெயின்லெஸ்தானா என்று கேள்வி.

நாங்கள் சோதித்தோம். அசல்தான், கலப்படம் ஒன்றும் இல்லை. வேதாசலம் சார் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். சபாபதி சார் அதைப் படித்துவிட்டு, "பார்த்தீங்களா, கத்தி அசலுங்க. அப்போ தப்பு எங்க இருக்குதுங்க?" என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு திரிந்தார்.

மறுநாள் அந்தப் பெண்களில் மூத்தவரான அஞ்சலையம்மா ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றார். காவலாளி தடுத்தும் போகவில்லை. வேதாசலம் சாரே வெளியே வந்தார்.

"ஐயா, அந்தக் கத்தி நல்ல கத்தின்னு எழுதிக் குடுத்தது நீங்கதானுங்களா?"

"அசல்னு எழுதினேம்மா."

"அப்ப எங்க கைதான் போலிங்களா?"

சார் காவலாளியைக் கையசைத்து விலகச் சொன்னார், அஞ்சலையம்மா தொடர்ந்தார்.

"நெலம் வெச்சிருந்தவங்களுக்குச் சொரங்கம் வந்தப்ப ஏதோ குடுத்தாங்க. எங்களுக்கு நெலமே இல்லிங்க, அவங்க நெலத்துல கூலிக்குப் போயிக்கினு இருந்தோம். அந்தக் கூலியும் போயிட்ச்சி. இந்தக் காய் நறுக்குற வேலையிலதான் வூட்டுல அடுப்பெரியிது. கல்லுல தீட்டுனது தப்புன்றாரு மேனேஜரு. தீட்டாத கத்தி எந்த ஊருல வெட்டுதுங்க?"

வேதாசலம் சார் உள்ளே வந்தார். ஏற்கெனவே கழுவிய கையை இன்னொரு முறை கழுவினார். துண்டில் விரல்களைத் துடைத்தபடியே, "நாம எழுதினதுல தப்பு இல்ல. அவங்க கேட்ட கேள்விதான் தப்பு. அசலான்னு கேட்டாங்க, காய் வெட்டுமான்னு யாருமே கேக்கல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கள் அந்தக் கத்தியைக் கொண்டுவாருங்கள்" என்றார். லீவ் எழுதக் காகிதம் எடுத்தேன். ஆனால் அந்த மேடைத் தமிழ் என்மேல் இல்லை, அவருக்குத் தன்மேலேயே கோபம்.

ஸ்டெயின்லெஸ் என்றால் ஒரே சாமான் என்றுதான் நானும் அதுவரை எண்ணியிருந்தேன். சார் மூன்று துண்டுகளை மேஜையில் வைத்தார். ஒன்று, சபாபதி சாரின் பாத்திர எவர்சில்வர். இரண்டாவது, சுரங்கத்தில் ஊற்றுத் தண்ணீரை இரவும் பகலும் இறைக்கிற பம்புகளில் தேய்ந்துபோய்க் கழித்த ஒரு தண்டு. அதுவும் துருப்பிடிக்காத வகைதான். தச்சுப் பிரிவுக்குப் பக்கத்திலிருந்த கொல்லரிடம் கொடுத்து அடித்துத் தகடாக்கினோம். மூன்றாவது, வெளிநாட்டு இயந்திரம் ஒன்றின் உடைந்த பேரிங் வளையம். அதுவும் ஸ்டெயின்லெஸ்தான், ஆனால் கார்பன் அதிகம். கொல்லர் அதைத் தட்டி நிமிர்த்துவதற்குள் எங்கள் இருவரின் பரம்பரையையும் திட்டித் தீர்த்தார்.

மூன்றையும் ஒரே அளவில் கத்தியாக்கி, உலையில் வைத்தோம். முதலில் மங்கலான சிவப்பு வரை மெதுவாக ஏற்றி நிறுத்த வேண்டும். உள்வரை சூடு இறங்கிய பிறகு, நல்ல ஆரஞ்சுச் சுளை நிறம் வரும்வரை ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் வெளியே வெந்து உள்ளே வேகாத இட்லிதான். பிறகு இடுக்கியால் எடுத்து, முனை கீழே பார்க்க, நேர்க்குத்தாக எண்ணெயில் இறக்க வேண்டும். கொஞ்சம் சாய்த்து இறக்கினாலும் கத்தி கோணிக்கொள்ளும். நான் இறக்கும்போது சார் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார். அவர் பார்த்தால் என் கவனம் சிதறுமாம். எண்ணெயின் சத்தத்தை வைத்தே நேராகப் போனதா என்று சொல்லிவிடுவார். அந்த விறைப்போடு விட்டால் கண்ணாடி மாதிரி உடையும் என்பதால், முழுக்க ஆறுவதற்குள் இன்னொரு சின்ன உலையில் வைத்து, இளஞ்சூட்டில் அதன் முறுக்கைக் கொஞ்சம் இறக்க வேண்டும்.

பம்புத் தண்டு விறைத்துக்கொண்டது. அரம் வழுக்கியது. பேரிங் வளையமோ அரத்தையே தின்றது. பாத்திர எவர்சில்வர் மட்டும் என்ன காய்ச்சினாலும், எத்தனை முறை முக்கினாலும், மாப்பிள்ளை முறுக்கே வராமல் அப்படியே மெத்தென்று கிடந்தது. அரம் வைத்தால் வெண்ணெய் மாதிரி இழைந்தது. அதன் பிறவிக் குணம் அது. அதில் நிக்கல் நிறைய, அதனால் காந்தம் ஒட்டாது, துருவும் அண்டாது, ஆனால் முக்கி விறைப்பாக்கவும் முடியாது. மற்ற இரண்டும் விறைக்கும், காந்தமும் ஒட்டும். காந்தம் ஒட்டாததுதான் அசல் என்று வீட்டுக்காரம்மாக்கள் போட்ட சட்டம் பாத்திரத்துக்குச் சரி. அதைக் கத்திக்கும் கொண்டுவந்ததில்தான் வந்தது வம்பு.

துரு சோதனைக்கு, மூன்று கத்தியிலும் ஒவ்வொரு துண்டு வெட்டி, மூன்று எனாமல் குவளைகளில் உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறப்போட்டோம். மதியம் வெயிலில் டிராயிங் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு குவளையைத் தூக்கி மடமடவென்று குடித்துவிட்டு, அடியில் கிடந்த ஸ்டீல் துண்டு பல்லில் பட்டு 'டங்' என்றதும் அலறினார். வேதாசலம் சார் ஓடிவந்தார்.

"எந்தக் குவளை?"

"மூணாவது சார்! என்ன சார் அது?"

"ருசி எப்படி இருந்தது?"

"கொஞ்சம்... துருப்பிடிச்ச ஆணியை நக்கின மாதிரி சார்."

சார் தலையாட்டி, "மூணாவது கொஞ்சம் கறை விடும்னு எழுதிக்கோ" என்றார் என்னிடம். மற்ற இரண்டு குவளையையும் கொஞ்சம் ருசி பார்க்கச் சொல்லலாமா என்று யோசித்தார் என்றே நினைக்கிறேன். ஆள் அதற்குள் போய்விட்டார்.

கடைசியாக மூன்றையும் பலகையில் ஏற்றி, அஞ்சலையம்மாவை வரச்சொல்லி முன்னால் வைத்தோம். முருங்கைக்காய், வாழைத்தண்டு, பூசணி எல்லாம் வாங்கி வைத்திருந்தோம். முதலாவது அவருக்குத் தெரிந்த கதைதான். மூன்றாவதில் முருங்கைக்காயைக் காட்டினாலே இரண்டாக விழுந்தது. ஆனால் பூசணிக் காம்பில் ஒரு திருப்புத் திருப்பியதும் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்தது. அதைக் கல்லில் தீட்டப் பார்த்தார், கல்தான் தேய்ந்தது.

"இது கலெக்டரு மாதிரிங்க. ரொம்ப நல்லவருதான், நம்ம பேச்சு மட்டும் அவரு காதுல ஏறாது."

இரண்டாவதில் ஒரு முழுப் பூசணியை அறுத்தார். கொஞ்சம் மழுங்கியதும் கல்லில் நாலு இழுப்பு இழுத்தார், கூர் திரும்பிவந்தது. மறுபடி அறுத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இதாங்க. இது நம்மகூடக் குடித்தனம் பண்ணும்."

எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அப்போது அஞ்சலையம்மா எங்கள் மேஜைமேல் கிடந்த காந்தத்தை எடுத்து, கத்தியில் வைத்தார். 'டக்' என்று ஒட்டியது. அவர் முகம் செத்துவிட்டது.

"இது புடிக்கிதே தம்பி! வேணாங்க. எவர்சில்வரை வித்துத் தின்னுட்டுத் தகரத்த மாட்டி வெச்சிட்டோம்னு திருட்டுப் பட்டம் கட்டிடுவாரு."

வேதாசலம் சார் கரும்பலகையில் படம் போட்டே விளக்கினார். அஞ்சலையம்மா பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது நெசமாத்தான் இருக்கும் ஐயா. ஆனா அவரு பாக்கெட்டுல காந்தம் இருக்குது. நீங்க இல்லியே."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அப்படியும் சார், பம்புத் தண்டில் இன்னும் நான்கு கத்தி செய்யச் சொன்னார்.

விசாரணை கேன்டீனிலேயே ஒரு காலையில் நடந்தது. பர்சனல் ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்து பெண்களும் சுவரோரம். நானும் சாரும் ஐந்து அரிவாள்மனைகளைக் கோணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தோம். சார் ஒன்றை வெளியே எடுத்து வாயைத் திறப்பதற்குள் சபாபதி சாரின் காந்தம் முந்திக்கொண்டது. 'டக்.'

"பாருங்க, பாருங்க! தகரமுங்க! இதை எங்க கேன்டீனுக்குள்ளயே விடமாட்டேனுங்க."

சார் விளக்க ஆரம்பித்தார். நிக்கல் என்றார், கார்பன் என்றார். பர்சனல் ஆபீசர் கொட்டாவியை அடக்கினார். சபாபதி சாருக்கு வீரம் வந்துவிட்டது.

"எங்க கத்தி வெட்டாதுன்னு இவங்கதானுங்க சொல்றாங்க. நானே வெட்டிக் காட்டுறேனுங்க!"

விசாரணைக்காக, மிச்சமிருந்த நான்கையும் முந்தின நாளே சாணைக்காரரிடம் கொடுத்துத் தீட்டி வைத்திருந்தார். ஒட்டுப் பேன்ட்டோடு பலகையில் காலை மடக்கி உட்கார்ந்தார். தையல் லேசாக முனகியது. வெள்ளரிக்காயை எடுத்தார். சரக், சரக், சரக். வட்டம் வட்டமாக, மெல்லிசாக விழுந்தது. எனக்கே வியப்பாக இருந்தது. பர்சனல் ஆபீசர், "நல்லா வெட்டுதே!" என்று ஃபைலை மூடினார். அஞ்சலையம்மா தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்திலிருந்த பெண் விசும்ப ஆரம்பித்தாள்.

வேதாசலம் சார் மெதுவாகக் கேட்டார்: "நல்லதுன்னா எதுக்கு சார்? வெள்ளரிக்காயை என் வீட்டுச் சாவிகூட வெட்டும். இன்னைக்கு மத்தியானம் என்ன சமையல்?"

கரும்பலகையில் எழுதியிருந்தது: பூசணிக்காய் சாம்பார், சேனைக்கிழங்கு வறுவல்.

"அதை வெட்டிக் காட்டச் சொல்லுங்க. முழுசும்."

பர்சனல் ஆபீசர் சபாபதி சாரைப் பார்த்தார். சபாபதி சார், "அதுக்கென்னங்க?" என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன விலை உயர்ந்த வார்த்தை அது. பெண்கள் யாரும் கை வைக்கக்கூடாது என்று உத்தரவானது.

முதலில் சேனையை எடுத்தார். அஞ்சலையம்மா பதறிப்போய், "சாருங்க, கையில கொஞ்சம் எண்ண..." என்று ஆரம்பித்தார்.

"நீ பேசாதம்மா. விசாரணை நடந்துட்டிருக்குது."

ஐந்து பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சேனையை வெறுங்கையால் தொட்டால் என்ன ஆகும் என்று அந்த அறையில் ஆறு பேருக்குத் தெரியும். ஆறாவது ஆள் நான். வாயை மூடிக்கொண்டேன்.

முதல் கிழங்கு நன்றாக விழுந்தது. இரண்டாவதில் கத்தி யோசித்தது. மூன்றாவதில், துண்டுகள் விரல் கனத்திலிருந்து உள்ளங்கைக் கனத்துக்குப் போயின. அவர் அழுத்த அழுத்த விளிம்பு மடங்கியது. வேறு அரிவாள்மனைக்கு மாறினார், அதுவும் அப்படியே. இதற்குள் அரிப்பு ஆரம்பித்துவிட்டது. முதலில் மணிக்கட்டைச் சொறிந்தார். பிறகு முழங்கை. பிறகு யோசிக்காமல் கழுத்தைத் தொட்டுவிட்டார். அங்கிருந்து காது. உட்கார்ந்தபடியே அவர் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, கோயில் திருவிழாவில் காசு கொடுத்தாலும் பார்க்கக் கிடைக்காது. பர்சனல் ஆபீசர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

பூசணிக்காய் வந்தது. கத்தி பாதிக் காயில் போய் நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. சபாபதி சார் பூசணிக்காயோடு அரிவாள்மனையையும் சேர்த்துத் தூக்கி உதறிப் பார்த்தார். அடுப்பில் சாம்பார் உலை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. சமையல்காரர் எட்டிப் பார்த்து, "சார், இன்னும் காய் வரல. சங்கு ஊதிடுவாங்க" என்றார். சங்கு ஊதினால் ஒர்க்‌ஷாப் முழுவதும் தட்டோடு வந்து நிற்கும். முன்னால் துரைக்கண்ணு நிற்பார். சபாபதி சார் ஒரு கையால் கழுத்தைச் சொறிந்துகொண்டு, இன்னொரு கையால் பூசணியை இழுத்துக்கொண்டு, எங்கள் கோணியைப் பார்த்துக் கத்தினார்:

"அந்தத் தகரத்தைக் கொண்டாங்கய்யா!"

கோணியை அவிழ்த்தேன். பெண்கள் அசையவில்லை.

"யம்மா, வெட்டுங்கம்மா! நான்தான சொல்றேன், வெட்டுங்க!"

அதற்கப்புறம் நான் பார்த்ததுதான் வேலை. ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். பலகையில் கால், கத்தியில் காய், பேச்சே இல்லை. பம்புத் தண்டு இத்தனை வருஷம் சுரங்கத்துத் தண்ணீரை இறைத்துவிட்டு இப்போது பூசணிக்காயை இறைத்தது. சங்கு ஊதியபோது சாம்பார் கொதித்துவிட்டது. வேதாசலம் சார் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆனால் சேனையைத் திரும்ப நறுக்க நேரமில்லை. மேனேஜர் வெட்டியது வெட்டியபடியே வறுவலானது. வரிசை வந்தது. துரைக்கண்ணு காலையில் நடந்த எதுவும் தெரியாமல் தட்டை நீட்டினார், சேனைத் துண்டு ஒன்று விழுந்ததும் தட்டு சாய்ந்தது. அதை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்தார்.

"இன்னாய்யா இது, வறுவலா? குவார்ட்டர்ஸ் கட்ற செங்கல்லா? யாரு வெட்டுனது இத?"

வரிசை முழுவதும் சிரித்தது. சபாபதி சார் பரிமாறும் மேடைக்குப் பின்னால், இரண்டு கையையும் புளித்தண்ணீர்ப் பாத்திரத்தில் விட்டுக்கொண்டு நின்றிருந்தார். அந்தப் புளியைக் கரைத்துக் கொடுத்தது அஞ்சலையம்மா. மனிதர் முகம் சுண்டிப்போய், தரையைப் பார்த்தார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு விரலை அவர் பக்கம் நீட்டினால் போதும், ஒர்க்‌ஷாப் அவரை ஆயுசுக்கும் விடாது. நான் அஞ்சலையம்மாவைப் பார்த்தேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"நாங்கதாங்க வெட்னோம். புதுக் கத்திங்க, கை பழகல. நாளையிலருந்து சின்னதா வெட்டிடறோங்க."

துரைக்கண்ணு தட்டை இறக்கினார். அவர் குரலும் இறங்கியது.

"நாளைக்கி நீங்க இருப்பீங்களா ஆத்தா? உங்கள அனுப்பப் போறதா இல்ல சொல்லிக்கினு இருக்காங்க?"

எல்லோரும் சபாபதி சாரைப் பார்த்தார்கள். பர்சனல் ஆபீசரும் பார்த்தார். அவர் புளித்தண்ணீரிலிருந்து கையை வெளியே எடுத்தார். விரலெல்லாம் சிவந்து தடித்திருந்தது.

"இருப்பாங்க. நாளைக்கும் இவங்கதானுங்க, நாளன்னைக்கும் இவங்கதானுங்க. எழுதினவன் நான், நானே திருப்பி எழுதித் தர்றேனுங்க" என்றார். பிறகு பேனாவைத் தேடிச் சட்டைப் பைக்குள் கையை விட்டவர், அரிப்புத் தாங்காமல் மறுபடியும் பாத்திரத்துக்குள்ளேயே கையை விட்டுக்கொண்டு, அஞ்சலையம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"கொஞ்சம் பொறும்மா. பேனா புடிக்கற மாதிரி ஆனதும் பர்மனென்டுக்கு நான் போடற முதல் கையெழுத்து உனக்குத்தான்."